தங்கைக்கு ஒரு தனிக் கார்டு

என் தங்கையின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் காப்பீட்டு அட்டை இருந்தால் அதைச் செலவில்லாமல் மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த அட்டை கிடைக்க வேண்டுமானால் என் ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை நான் எடுத்துவிட வேண்டும். ஒரு வருடத்துக்கும் மேலாக நான் எடுக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரு காரணம் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை எழுதி வைக்காமல் போகக்கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

நான் அரசுக் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஸ்ரீரங்கத்தில், அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துக் கட்டிய வீட்டில் மனைவியோடு இருக்கிறேன். மகன் வெளிநாட்டில். தங்கை என்னைவிடப் பத்து வயதுபோல இளையவள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. அறுபதைத் தாண்டிய பிறகும் பாப்பாதான்.

அவளை அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தோம். பிள்ளைகள் இல்லை. மாப்பிள்ளை நல்ல வேலைக்காரர், கலகலப்பான மனிதர், தன் உடம்பைத்தான் கவனிக்கவில்லை. அவர் போன பிறகு பட்டறை கைமாறியது. பாப்பா வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாக எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்கு வந்தாள். நான்தான் வண்டி வைத்துப் போய் அழைத்து வந்தேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் யாரும் சொல்லாமலே செய்தேன் என்று பல நாள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

வந்த புதிதில் ஒரு காலை, அவளும் மாப்பிள்ளையும் இருந்த பழைய ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இதுல அவரு பேரை எடுத்துட்டு, விலாசத்தை மட்டும் இங்க மாத்திக்கிட்டாப் போதுமாம். அங்க கடையில சொன்னாங்க."

"ஒரே வீட்டுல ரெண்டு கார்டா?"

"பின்கட்டுன்னு போட்டுக்கலாமாம்ணே."

"பாக்கறவன் என்ன நெனைப்பான் பாப்பா? புருஷன் செத்து வந்தவளைத் தனி உலையில வச்சுட்டான் அண்ணன்னுல்ல பேசுவான்? அதை ரத்து பண்ணிட்டு உன் பேரை என் கார்டுல சேத்துடறேன். நீ என்ன அந்நியமா?"

அவள் சிரித்தாள். கண்கூடக் கலங்கிவிட்டது. கார்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

எங்கள் சொந்தக்காரர்களிடையே தனிக் கார்டு என்பது சண்டையின் பெயர். அண்ணன் தம்பிகள் பிரிந்தால், நிலத்தைப் பிரிப்பதற்கும் முன்னால் ஊருக்குத் தெரிய வருவது அதுதான். 'கார்டு தனியாப் போட்டுட்டாங்களாம்' என்று கல்யாண வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். கார்டிலிருந்து ஒரு பெயரை எடுப்பதென்றால் ஒன்று அந்த ஆள் செத்திருக்க வேண்டும், அல்லது கல்யாணமாகிப் போயிருக்க வேண்டும். அதனால் நான் செய்ததை யாரும் தவறாகச் சொல்லவில்லை. பாராட்டினார்கள். 'அண்ணன்னா இப்படி இருக்கணும்' என்று மனைவியின் பெரியம்மா என் காதுபடவே சொன்னார்.

பாப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அவள் சொல்லவில்லை. மொட்டை மாடிக்குத் துணி எடுத்துப் போகிறவள் பாதிப் படியில் நின்று தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல நிற்பாள். இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுத்தாள், பிறகு மூன்று. 'வயசாகுதுல்லண்ணே' என்பாள். நானும் ஆமாம் என்பேன். என் மனைவிதான் ஒருநாள் அவளைக் கட்டாயப்படுத்தி, என்னையும் கிளப்பி, புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?"

"வந்துச்சுங்க. நடக்கவே முடியல. அண்ணன்தான் சைக்கிள்ல உக்கார வச்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க."

"அப்ப வந்ததுதான் இது. வால்வு சுருங்கிப்போச்சு. மாத்தணும்." என் பக்கம் திரும்பினார். "ஆபரேஷனுக்கு இங்க காசு கிடையாது சார். ஆனா வால்வு காப்பீட்டுக் கார்டுலதான் வரும். கார்டு இருக்கா?"

"இல்லீங்க."

"எடுத்துடுங்க. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ், அவ்வளவுதான். கலெக்டர் ஆபீஸ்ல போட்டோ எடுத்துக் கொடுத்துடுவாங்க. தள்ளிப் போடாதீங்க. இப்பப் பண்ணினா நல்லா இருப்பாங்க."

ஈரிதழ் வால்வு. அதைக் கல்லூரியில் வருடம் தவறாமல் சிவப்பு, நீலச் சாக்பீஸால் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அது சுருங்கினால் ரத்தம் எங்கே தேங்கும், தேங்கினால் நுரையீரல் என்ன ஆகும், அதன் பிறகு இதயத்தின் வலது பக்கம் என்ன ஆகும் என்பதை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டாக்டர் சொன்னது பாப்பாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். எனக்கு முழுவதும் புரிந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

மறுநாளே வருமானச் சான்றுக்காக வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போனேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, என் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தார்.

"சார், வருமானச் சான்று தனி ஆளுக்குக் கொடுக்கறதில்ல, குடும்பத்துக்குக் கொடுக்கறது. இதுல குடும்பத் தலைவர் நீங்க. உங்க பென்ஷன் ஒண்ணே வரம்பைத் தாண்டிடுது."

"அவளுக்கு ஒரு பைசா வருமானம் கிடையாதே."

"அவங்களுக்கு இல்ல சார். குடும்பத்துக்கு இருக்குல்ல."

"என்னோட பென்ஷன் காப்பீட்டுல அவளைச் சேர்க்க முடியாது. நானும் மனைவியும் மட்டும்தான்."

"தெரியும் சார். அதான் சொல்றேன். அவங்க பேரை உங்க கார்டுலேர்ந்து எடுத்துடுங்க. தனிக் கார்டுக்கு எழுதிப் போடுங்க. விதவை, தனியாச் சமைக்கிறாங்கன்னா கொடுத்துடுவாங்க. வந்து பாப்பாங்க, தனி அடுப்பு இருக்கான்னு. கார்டு வந்ததும் நானே வருமானச் சான்று போட்டுக் கொடுத்துடறேன்."

வழியைக் கையில் வைத்தார். நான் எழுந்துவிட்டேன்.

"அது எங்க குடும்பத்துல பழக்கமில்லீங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் பாப்பாவிடமும் அதையே சொன்னேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனி அடுப்பு வைத்துக் காட்டுவது பொய் இல்லையா என்றேன். அரசாங்கத்தை ஏமாற்றி வைத்தியம் பார்க்க வேண்டாம், நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பாப்பா தலையாட்டினாள். அவளுக்கு நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இனிதான் மீதிப் பாதி.

அப்பா உயில் எழுதாமல் போனார். வீட்டில் பாப்பாவுக்குப் பாதிப் பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். அவள் அதைக் கேட்டதே இல்லை. நானும் பேச்செடுத்ததில்லை. வரி ரசீது, கரண்டு பில், எல்லாம் என் பெயரில். மகன் ஊருக்குத் திரும்பினால் இடித்துவிட்டு அடுக்குமாடியாகக் கட்டலாம் என்று ஒரு எண்ணம் எங்களுக்குள் இருந்தது. அதே கதவு எண்ணில் அவள் பெயரில் ஒரு கார்டு, 'பின்கட்டு' என்று விலாசம், அரசாங்க ஆளே வந்து பார்த்து 'தனிக்குடித்தனம்' என்று எழுதிக்கொண்டு போன தாள். நாளைக்கு யாராவது அவளைத் தூண்டிவிட்டால் இதெல்லாம் ஆதாரம் ஆகிவிடும் என்று நினைத்தேன். யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. என் மகன் சொல்லவில்லை, என் மனைவி சொல்லவில்லை. வி.ஏ.ஓ. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நானாக நினைத்தேன். பழைய கார்டை ரத்து செய்யச் சொன்ன அன்றைக்கும் இந்த நினைப்பு இருந்தது. அவள் கண் கலங்கியதைப் பார்த்தபோதும் இருந்தது.

மனைவியிடம் மட்டும் ஒருமுறை வாய்விட்டேன். "தனி விலாசம் ஆயிடும்ல அவளுக்கு" என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதற்காகத் தில்லை நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போனேன். குளுகுளு அறையில் உட்கார வைத்து, ஆகும் செலவைச் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்தோம். அதன் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. பாப்பா கேட்கவில்லை. நான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நீர் பிரிய ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, நாடி சீராக ஒன்று. வாரத்துக்கு ஒரு முறை அவற்றை எடுத்து டப்பாவில் பிரித்துப் போட்டேன். மாத்திரையில் கொஞ்சம் தெளிந்தாள். தெளிந்ததும், அவசரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வால்வு மாத்திரையால் விரியாது. அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

எங்கள் தெருமுனையில் ஒரு பூக்காரம்மா உட்காருவார். கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் துளசியும் கதம்பமும் கட்டி விற்பவர். பாப்பாவுக்குச் சிநேகிதி. அவர் கணவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது இந்த அட்டையில்தான். ஒரு மாலை நான் அந்த வழியே போனபோது கூப்பிட்டார்.

"வாத்தியாரே, அக்காவுக்குக் கார்டு என்னாச்சு?"

"பாத்துக்கிட்டிருக்கேம்மா."

"எங்க வீட்டுக்காரரு நெஞ்சுல கவர்மெண்டு தையல் போட்டிருக்கு. சும்மா கிண்ணுன்னு இருக்காரு. பீடியத்தான் இன்னும் விட மாட்டேங்கறாரு. இம்புட்டுப் படிச்சிருக்கீங்க, ஒரு கார்டு வாங்கித் தரத் தெரியலயா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் பகுதியில் இந்த அட்டைக்கு முகாம் போட்டபோது மாடி வீட்டுக்காரர்கள்கூட வருமானத்தைக் குறைத்துச் சொல்லி அட்டை வாங்கியதை நான் பார்த்திருந்தேன். நடைப்பயிற்சி நண்பர்களிடம் அதைப் பற்றி நீளமாகப் பேசியும் இருந்தேன்.

"பொய் வருமானம் காட்டி வாங்கறதுக்கு நான் தயாரா இல்லம்மா" என்றேன்.

"ஐயய்ய, பொய்யாக் காட்டறதுக்கு எங்களுக்கு வருமானம் எங்க இருக்கு?" என்று சிரித்துவிட்டு, நார் கிழிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரும் சிரித்தார். நான் பூ வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆடிப் பதினெட்டு வந்தது. காவிரியில் நல்ல தண்ணீர். மனைவியும் பாப்பாவும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடப் போகவும் இல்லை. வெற்றிலை பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது பாப்பாவால் படி ஏற முடியவில்லை. கூட்டத்தின் நடுவில் ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டதாம். பூக்காரம்மா அன்றைக்கு அங்கே கடை போட்டிருந்தார். அவரும் இன்னும் இரண்டு பேரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது, புதுச் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. "ஒண்ணுமில்லண்ணே, கூட்டத்துல கொஞ்சம் திணறிடுச்சு" என்றாள்.

அவளைப் படுக்க வைத்துவிட்டு மனைவி முன்னறைக்கு வந்தாள். எங்கள் இத்தனை வருட வாழ்க்கையில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

"கார்டுல பேரைப் பிடிச்சு வச்சுக்கிட்டு ஆளை விட்டுடப் போறீங்களா?"

"மானம் மரியாதைன்னு ஒண்ணு..."

"என்கிட்டச் சொல்லாதீங்க. எனக்குத் தெரியும். நீங்களே சொன்னீங்க."

மறுநாள் போனேன். இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாப்பா எனக்குப் பின்னால் ஸ்டூலில்.

"பேர் நீக்கறதுக்குக் காரணம் என்ன சார்? இறப்பா, கல்யாணமா?"

நான் திரையைப் பார்த்தேன்.

"சார்?"

"தனிக்குடும்பம்னு போடும்மா" என்றாள் பாப்பா, பின்னாலிருந்து. "இந்த வயசுல கல்யாணமான்னு கேக்கறியே, நல்லா இருக்கு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பாப்பாவும் சிரித்தாள். பொத்தானை அழுத்தியதும் என் குடும்பத்தில் அவள் இல்லை.

தனிக் கார்டுக்கு எழுதிப் போட்டோம். பின்கட்டில் ஒரு ஒற்றை அடுப்பும் சின்ன சிலிண்டரும் வாங்கி வைத்தேன். தாலுகா ஆபீஸிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா சமையல்?"

"ரசம்தான் சார். ஒரு ஆளுக்கு வேற என்ன வைக்கறது."

அவர் குறித்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு அடுப்பை ஓரமாக வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அன்று மத்தியானம் மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோது, "எனக்கு ரசம் இருக்கு அண்ணி" என்றாள். ராத்திரியும் அதையேதான் சாப்பிட்டாள். மறுநாளும் சமைத்தாள். மறுபடி யாராவது வந்து பார்த்தால் என்ன செய்வது என்றாள். யாரும் வரவில்லை. அவள் எங்கள் சமையலறைக்குத் திரும்பவும் இல்லை. மனைவி குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். கிண்ணத்தைக் கழுவி, அதில் ஏதாவது இரண்டு மிளகாயோ கொஞ்சம் கறிவேப்பிலையோ போட்டுத் திருப்பிக் கொடுப்பாள், அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதுபோல.

ரேஷன் கார்டு வர மாதங்கள் ஆயின. எல்லோருக்கும் ஆகிற மாதங்கள்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. அதற்குள் அவள் கால்கள் வீங்க ஆரம்பித்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. கார்டு வந்ததும், சொன்னபடி வி.ஏ.ஓ. வருமானச் சான்று போட்டுக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போனோம். கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, அங்கேயே அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். காலையில் போனவர்கள் சாப்பாட்டு வேளைக்குள் திரும்பிவிட்டோம். இவ்வளவு சுலபமான காரியம். பாப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போட்டோவுல நல்லாத்தான் இருக்கேன்ல, கன்னமெல்லாம் வச்சு" என்றாள். முகத்திலும் நீர் இறங்கியிருந்தது, அதுதான் அந்தக் கன்னம்.

பெரியாஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் இல்லை, மேற்படிப்புக்குப் போய்விட்டாராம். வயதான ஒரு சர்ஜன் பார்த்தார். புதிதாக ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பழைய தாள்களையும் புதியதையும் மேஜையில் அடுத்தடுத்து வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"முன்னாடியே வந்திருக்கீங்களே. அப்பவே எழுதியிருக்காங்க, வால்வு மாத்தணும்னு. ஏன் பண்ணல?"

பாப்பா என்னைப் பார்த்தாள்.

"கார்டு கிடைக்கல சார்" என்றேன்.

அவர் தலையாட்டினார். இந்தப் பதிலைப் பலரிடம் கேட்டிருப்பார்போல. பிறகு பொறுமையாக விளக்கினார். நுரையீரலில் அழுத்தம் மிகவும் ஏறிவிட்டது. வலது பக்கமும் தளர்ந்துவிட்டது. கல்லீரலும் கெட ஆரம்பித்திருக்கிறது. இந்த நிலையில் நெஞ்சைத் திறந்தால் ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போய்விடலாம்.

"மாத்திரையிலேயே ஓட்டுவோம்மா" என்றார் அவளிடம்.

"கார்டு இருக்குங்களே" என்றாள் பாப்பா. பையிலிருந்து அதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இருக்கட்டும்மா. பத்திரமா வச்சுக்கங்க."

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திரும்பினோம். ஆட்டோ வைக்கிறேன் என்றதற்கு அவள் வேண்டாம் என்றுவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் காவிரிப் பாலம் ஏறியபோது, என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"கார்டு கிடைக்கலன்னு சொன்னீங்களே அண்ணே."

நான் ஸ்கேன் தாள்களை உறைக்குள் தள்ளினேன்.

"வீட்டை நெனச்சுத்தானே யோசிச்சீங்க?"

"யாரு சொன்னா? உன் அண்ணியா?"

"அவங்க ஏன் சொல்றாங்க. எனக்குத் தெரியாதா? அந்தப் பழைய கார்டை வாங்கிக்கிட்டீங்கல்ல, அப்பவே கொஞ்சம் தோணுச்சு. அண்ணன் அப்படி நெனைக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன்." மூச்சு வாங்கியது. நிறுத்திக்கொண்டு மறுபடி சொன்னாள். "கேட்டிருந்தா, பங்கு வேணாம்னு அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். எனக்கு யாரு இருக்கா, யாருக்கு வைக்கப் போறேன்? ஆனா இப்பப் போட மாட்டேன்."

"நான் கேக்கலியே பாப்பா."

"கேக்காதீங்க. இருக்கற வரைக்கும் அதுல பாதி என் வீடுதான்."

கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். அவளே என்னைக் கைகாட்டி, "ஒருத்தருக்குத்தாங்க. எனக்கு லேடீஸ் ஃப்ரீ" என்றாள். என் டிக்கெட்டுக்கு நான் சில்லறை எடுத்தேன்.

அதன் பிறகு அவள் என்னிடம் பேசாமலில்லை. முன்புபோலவே பேசுகிறாள். 'அண்ணே, சாப்பிட்டீங்களா' என்று கேட்கிறாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்படுவதும் என் சௌகரியத்துக்காகத்தான் என்று தெரிகிறது.

அவள் பங்கை அவள் பெயருக்கு முறையாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உறையூரில் இருக்கும் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். என்னிடம் படித்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்பா உயில் எழுதலன்னா பாதி ஏற்கெனவே அவங்களுதுதான் சார். நீங்க கொடுக்கறதுக்கு என்ன இருக்கு? பிள்ளைங்க உண்டா அவங்களுக்கு?"

"இல்ல."

"அப்ப நீங்க கவலையே படவேணாம். அவங்க யாருக்கும் எழுதி வைக்கலன்னா, அப்பா வழியில வந்த சொத்து புருஷன் வீட்டுக்குப் போகாது. அப்பாவோட வாரிசுக்கே திரும்பிடும். அதாவது உங்களுக்கு. எப்படிப் பாத்தாலும் வீடு எங்கயும் போகாது சார்."

நல்ல செய்தி சொல்வதாக நினைத்து அவர் சொன்னார். காபி வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அவள் முதலிலேயே தனிக் கார்டு வாங்கியிருந்தாலும், பின்கட்டில் தனி அடுப்பு வைத்திருந்தாலும், அதனால் அவள் பங்கு ஒரு அடிகூடக் கூடியிருக்காது. இதை அன்றைக்கே யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஒரு போன் போட்டிருந்தால் போதும். எனக்கு அது தோன்றவே இல்லை. கேட்டிருந்தால் நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று அந்த ஆளிடம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இப்போது அவள் போனால் அவள் பாதி எனக்கு வரும். அதைத் தடுக்க ஒரு வழிதான் இருக்கிறது. அவளிடம் போய், 'யாருக்காவது எழுதி வைத்துவிடு' என்று சொல்ல வேண்டும். அதை இன்னும் சொல்லவில்லை. நீ சாகப் போகிறாய் என்று சொல்லாமல் அதைச் சொல்லும் விதம் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் பாப்பா என்னைக் கூப்பிட்டாள். சுவரில் முதுகைச் சாய்த்து, தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான் தூங்குகிறாள், படுத்தால் மூச்சு முட்டுகிறது.

"அண்ணே, பெரியாஸ்பத்திரியில வேற டாக்டர் வந்திருக்காராம். பூக்காரம்மா சொன்னாங்க. சின்ன வயசுதானாம், ரொம்பக் கெட்டிக்காரராம். கார்டை எடுத்துக்கிட்டு இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாமா?"

நுரையீரல், வலது பக்கம், கல்லீரல். ஒன்றன்பின் ஒன்றாக எனக்குத் தெரியும்.

"பாக்கலாம் பாப்பா" என்றேன்.

அந்த வாரமே போனோம். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வெளியே நீளமான வரிசை. முறை வந்தபோது அந்த டாக்டர் தாள்களை வேகமாகப் புரட்டினார். அவரும் முதல் தாளில் வந்து நின்றார்.

"அப்பவே சொல்லியிருக்காங்களே. ஏன் பண்ணிக்கல?"

"நான்தான் விடல சார்" என்றேன். "கார்டு வாங்கியிருக்கலாம். எங்க வீட்டுக்காக நான் விடல."

அவர் எழுதிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. "உப்பைக் குறைச்சுக்கங்கம்மா, தண்ணியும் அளவாக் குடிங்க. இதே மாத்திரையைத் தொடருங்க" என்று சொல்லி, தாளைப் பாப்பாவின் மடியில் வைத்தார். வாசலில் நின்ற நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும், "அவர்கிட்டப் போய் அதைச் சொல்லி என்ன ஆகப்போவுது" என்றாள் பாப்பா. "ஆபரேஷன் பண்ணலாமான்னு நீங்க கேக்கவே இல்லியே அண்ணே. அதைக் கேக்கத்தானே வந்தோம்?"

கேட்கவில்லைதான். திரும்பிப் போய்க் கேட்கட்டுமா என்றேன். அவள் மூடிய கதவைப் பார்த்தாள். உள்ளே வேறு யாரோ சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்" என்றாள்.

அவளை மின்விசிறிக்குக் கீழே நிறுத்திவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு மாத்திரை வரிசையில் போய் நின்றேன்.